எடை கொறஞ்சாச்சு, மாத்திரை டப்பா மட்டும் ஏன் கொறையல?

"ஏஞ்சாமி, சக்கரையுந்தான் போயிருச்சு, ஒடம்பும் எளைச்சிருச்சு, இன்னும் எதுக்கு கண்ணு பை நெறைய மாத்தர?" இதக் கேக்காத சொந்தக்காரங்க எங்க பக்கம் யாருமே இல்ல. கல்யாண வீட்டுல பந்திக்கு ஒக்காரும்போது கேப்பாங்க, நோம்பிக்குப் போனா கேப்பாங்க, கொழிஞ்சாம்பாறையில வேலந்தாவளம் பஸ்ஸுக்கு நிக்கறப்ப பின்னாடி இருந்து தோளத் தட்டிக் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிப் போட்டுட்டா லிங்க்க அனுப்பிட்டு போய்ட்டே இருக்கலாம்னு ஒக்காந்துட்டேன்.

கோயமுத்தூர்ல கேஸ்ட்ரிக் பைபாஸ், அதாவது எடை கொறைக்கறதுக்கு இரைப்பையையும் குடலையும் மாத்தித் தெக்கற ஆபரேஷன், பண்ணிக்கிட்டவ நான். எத்தன கிலோ இருந்தேன், எவ்வளவு செலவாச்சு, யார் யார் வேண்டாம்னாங்க, அந்தக் கதையெல்லாம் இன்னொரு நாளைக்கு. இங்க சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எடை கொறையறது மொத ஒன்றரை வருஷத்துக்குள்ள நடந்து முடிஞ்சுரும், சத்து உறிஞ்சறது கொறஞ்சது மட்டும் ஆயுசுக்கும் அப்படியேதான் இருக்கும். அதனால மாத்திரையும் ஆபரேஷன்ல சேந்ததுதான், அத நிறுத்தினா பாதி ஆபரேஷன் பண்ணி வெச்ச மாதிரி.

உள்ள என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும். இரைப்பையோட மேல்பக்கத்துல கிட்டத்தட்ட 30 மில்லி புடிக்கற அளவுக்கு ஒரு சின்னப் பை பண்ணி தனியாப் பிரிச்சுடறாங்க. மிச்ச இரைப்பைய எடுத்து எறியறதில்ல, அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும், சுரக்கறத சுரந்துட்டும் இருக்கும், ஆனா சோறு அந்தப் பக்கம் போகாது. அப்புறம் சிறுகுடல கொஞ்ச தூரம் தள்ளி வெட்டி, கீழ்த்துண்ட மேல தூக்கி அந்தச் சின்னப் பையோட தெச்சுடுவாங்க, மேல்துண்டு, அதாவது பித்தநீரும் கணையநீரும் வர்ற பக்கம், இன்னும் கீழ போய் குடலோட சேரும். பாக்க இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி இருக்கும். இந்த ஒய் தையலு சீசர் ரூ-ன்னு ஒரு சுவிஸ் சர்ஜன் பேர்ல வர்றது, எடை கொறைக்கறதுக்குன்னு பைபாஸ் ஆரம்பிச்சது 1966ல, அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன்னு ஒரு டாக்டர். அறுபது வருஷப் பழக்கமுள்ள ஆபரேஷன்தான், என்னமோ நேத்து வந்த ஃபேஷன்னு எங்க பெரியப்பா நெனைக்கற மாதிரி இல்ல.

இப்ப விஷயம் என்னன்னா, சோறு போகாத அந்த மொத ஒரு அடிக் குடலு இருக்கே, டியோடினம்னு சொல்றது, அங்கயும் அதுக்கு அடுத்தாப்லயுந்தான் இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுது. பாலக்காட்டு மாவட்டத்துல எங்க சித்தூர் தாலுகாக்காரங்களுக்கு இதச் சொல்றது சுலபம். ஆழியாத்துத் தண்ணி வர்ற கால்வாய்ல தலைமடை மதகெல்லாம் அடச்சுட்டு நேரா கடைமடைக்கு விட்டா தலைமடைக்காரன் வயல் என்ன ஆகும்? அதே தண்ணிதான் ஓடுது, அவனுக்கு மட்டும் கெடைக்காது. அதனாலதான் "நல்லா சத்தா சாப்புடு, மாத்தர எதுக்கு"ங்கற பேச்சு எங்ககிட்ட எடுபடாது. சாப்பாட்டுல இருக்குதுதான், ஒடம்புல சேர்றதுக்கான எடத்தத்தான் தாண்டிப் போயிடுது.

இருக்கறதுலயே ரொம்ப ஏமாத்தறது வைட்டமின் பி12. மீன், முட்டை, பால்ல இருக்கற பி12 புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதப் பிரிக்க வயித்து அமிலம் வேணும், நம்ம சின்னப் பையில அமிலம் ரொம்பக் கொறச்சல். பிரிஞ்சாலும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர்னு இரைப்பைச் சுவர்ல சுரக்கற ஒண்ணோட கை கோத்துக்கிட்டுத்தான் சிறுகுடலோட கடைசிப் பகுதி வரைக்கும் போகும், அங்கதான் அத உள்ள எடுத்துக்கும். நம்ம கேஸ்ல சோறு ஒரு வழியில, சுரக்கறது இன்னொரு வழியில, ரெண்டும் ரொம்ப தூரம் தள்ளித்தான் சந்திக்குது. இவ்வளவு கோளாறு இருந்தும் ஏன் ஒடனே தெரியறதில்லன்னா ஈரல்ல பி12 வருஷக்கணக்குக்கு ஸ்டாக் இருக்கும். அந்த ஸ்டாக் தீர்ற வரைக்கும் ஆளு ஜம்முனு இருப்பாங்க.

என்கூட ஒரே வார்டுல இருந்த அண்ணன் ஒருத்தர், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவரு, இப்படித்தான். மொத வருஷம் மாத்திரை ஒழுங்கு, அப்புறம் நல்லாத்தான இருக்கறோம்னு அப்படியே விட்டுட்டாரு. சுத்த சைவம் வேற, பால் தயிர் தவிர பி12க்கு வழியே கெடையாது, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் எடுத்த ஒடம்பு, அதுவும் பி12ஐ கொறைக்கறதுதான். ஒரு நாள் அவங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. "ஏனுங்க்கா, இவருக்கு காலு மதமதன்னே இருக்குதுங்க்கா, நேத்து தோப்புல ஒரு செருப்பு கழண்டு விழுந்துருக்குது, அது தெரியாமயே ஊடு வரைக்கும் நடந்து வந்துட்டாருங்க்கா, பழைய சக்கரை நரம்பப் புடிச்சிருச்சு போலன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்." டெஸ்ட் எடுத்தா பி12 அதலபாதாளத்துல. ஊசி போட்டு நடையெல்லாம் சரியாயிருச்சு, ஆனா கால்விரல் மரமரப்பு இன்னும் முழுசாப் போகல. நரம்பு கெட்டு ரொம்ப நாளானா திரும்பி வர்றது அப்படித்தான், பாதி வரும் பாதி வராது.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு. அவரு ஃபோலிக் ஆசிட் மட்டும் விடாம முழுங்கிட்டு இருந்திருக்காரு. ஃபோலிக் ஆசிட் நெறைய இருந்தா பி12 இல்லாம வர்ற ரத்தசோகைய அது மூடி மறைச்சுடும், ஹீமோகுளோபின் நல்லா இருக்கற மாதிரி காட்டும், நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள போய்ட்டே இருக்கும். அதனால ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு "ஒண்ணுமில்ல, போங்க"ன்னு சொன்னா நம்பிட்டு வந்துடாதீங்க, பி12ஐ தனியா எழுதிக் கேளுங்க.

அளவு எவ்வளவுன்னா, அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜரி (எடை கொறைக்கற ஆபரேஷன்) சங்கத்தோட வழிகாட்டியில வாயால எடுத்தா தினம் 350ல இருந்து 1000 மைக்ரோகிராம், ஊசின்னா மாசம் 1000 மைக்ரோகிராம்னு இருக்கு. சாதாரணமா மனுஷனுக்கு வேண்டியது தினம் 2 சொச்சம் மைக்ரோகிராம்தான், எதுக்கு இவ்வளவுன்னு எனக்கும் தோணுச்சு. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் தொணை இல்லாமலும் கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு தானா உள்ள போயிடுமாம், 1000 போட்டா ஒரு 10 சேரும், அது போதும். கணக்கு அவ்வளவுதான்.

இரும்பு பொம்பளைங்களுக்குப் பெரிய தலைவலி. மாசவிடாய் நிக்காதவங்களுக்கும், ஆம்பளையா இருந்தாலும் பைபாஸ் பண்ணவங்களுக்கும் தினம் 45ல இருந்து 60 மில்லிகிராம் எலிமென்டல் இரும்பு, அதாவது மாத்திரைக்குள்ள நெஜமா இருக்கற இரும்புன்னு அதே வழிகாட்டி சொல்லுது. கீரை, முருங்கை, பேரீச்சம்பழம்னு ஆளாளுக்கு ஒண்ணு கொண்டு வந்து குடுப்பாங்க, அன்புதான், ஆனா செடியில இருந்து வர்ற இரும்ப ஒடம்பு எடுத்துக்கணும்னா அமிலம் அத ஒரு வடிவத்துல இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாத்தித் தரணும், அந்த அமிலந்தான் நம்மகிட்ட இல்லையே. கறி, ஈரல், மீனுல இருக்கற இரும்பு பரவால்ல, லேசா ஏறும். மாத்திரையோட வைட்டமின் சி சேந்தா நல்லது, நான் ஒரு நெல்லிக்காய கடிச்சுக்கிட்டே முழுங்கிடுவேன்.

டீதான் எதிரி. எங்க அத்தை காலைல எழுந்ததும் கட்டஞ்சாயா போடுவாங்க, மத்தியானம் சோறு முடிஞ்சதும் இன்னொண்ணு, பாலக்காட்டுக்காரங்களுக்கு அது மூச்சு மாதிரி. டீயில இருக்கற டானின் இரும்பக் கட்டிப் போட்டுடும், அதனால மாத்திரைக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு மணி நேரம் டீ கெடையாதுன்னு நான் சொன்னப்ப அத்தை மொகம் போன போக்க பாக்கணுமே! கால்சியமும் இரும்பும் ஒண்ணுக்கொண்ணு போட்டி, அதுக்கும் ரெண்டு மணி நேர இடைவெளி. எனக்கு தைராய்டு மாத்திரை வேற, அதுக்கும் இது ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் வேணும். ஆக, விடிகாலை தைராய்டு, பத்து மணிக்கு மேல இரும்பு, மத்தியானச் சோத்தோட கால்சியம், சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போன்ல அலாரம் அடிச்சா பக்கத்து சீட்டுக்காரங்க "மாத்தரயாக்கா"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிருச்சு. மாத்திரை ஏறவே இல்ல, ஒடம்புல இரும்பு ஸ்டாக் எவ்வளவுன்னு காட்டற பெரிட்டின் கீழயே கெடக்குதுன்னா டாக்டருங்க இரும்ப டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, அதுல பயப்பட ஒண்ணுமில்ல, சொல்லப்போனா வயித்தப் புடுங்கற மாத்திரைய விட எனக்கு அது நிம்மதி.

கால்சியத்துல தான் மெடிக்கல் ஷாப்போட வாய்ச்சண்டை. சீட்டுல சிட்ரேட்னு எழுதியிருக்கும், கடையில கார்பனேட்ட எடுத்து வெச்சு "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, இது வெலையும் கம்மி"ன்னுவாங்க. ஒண்ணு இல்ல. கார்பனேட் கரையறதுக்கு அமிலம் வேணும், சிட்ரேட்டுக்கு வேண்டியதில்ல, அமிலம் கம்மியா இருக்கற நமக்கு எது ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. அட்டைய திருப்பி பின்னாடி பொடி எழுத்தப் படிங்க, அங்கதான் சூட்சுமம். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்னு இருந்தா அதுல நெஜமான கால்சியம் 500. கால்சியம் சிட்ரேட் 1000ன்னு முன்னாடி பெருசாப் போட்டிருந்தாலும் உள்ள இருக்கறது 210 சொச்சந்தான். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 1200ல இருந்து 1500, சாப்பாட்டுல வர்றதும் சேத்து. அதையும் ஒரே வாய்ல போட்டா ஆகாது, ஒடம்பு ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல எடுத்துக்காது, மிச்சம் சும்மா வெளிய போயிடும். முன்னாடி போட்டிருக்கற பெரிய நம்பர நம்பி ஒரு நாளைக்கு ஒண்ணு போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கறவங்க நெறையப் பேரு.

"ரத்தத்துல கால்சியம் நார்மல்"னு ரிப்போர்ட் வந்தா சந்தோஷப்படாதீங்க. ரத்தத்துல கால்சியம் கொறையாமப் பாத்துக்க கழுத்துல பாராதைராய்டுன்னு நாலு சின்னச் சுரப்பி இருக்கு, உள்ள வரத்து கொறஞ்சா அது பிடிஎச்ங்கற ஹார்மோன ஏத்தி எலும்புல இருந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்குக் குடுத்துடும். ரிப்போர்ட் அழகா இருக்கும், எலும்பு அரிச்சுட்டு இருக்கும். அதனால பிடிஎச்சும் வைட்டமின் டியும் சேத்துத்தான் பாக்கணும். ரிப்போர்ட்டுல வைட்டமின் டி 30க்கு (ng/mL) மேல நிக்கணும், தினம் 3000 யூனிட்னு வழிகாட்டி சொல்லுது, நம்ம டாக்டருங்க கொறச்சலா இருந்தா 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒண்ணுன்னு கொஞ்ச நாளைக்குக் குடுப்பாங்க. அந்த பாக்கெட்ட தானா வாங்கி வருஷக்கணக்கா குடிக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு, அது வேண்டாம், டி கொழுப்புல சேர்ற வைட்டமின், கூடுனாலும் கேடு. இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வெயில்ல காயறோம், நமக்கெல்லாம் டி கொறையுமான்னா கொறையுது, காலைல பஸ் ஏறி ஆபீஸ் போயி இருட்டுனப்புறம் வீடு திரும்பறவங்க மேல எந்த வெயில் பட்டுச்சு?

பி1, தயாமின். மத்ததெல்லாம் மாசக்கணக்கு வருஷக்கணக்கு, இது மட்டும் வாரக்கணக்கு. ஒடம்புல ஸ்டாக் ரெண்டு மூணு வாரத்துக்குத்தான். ஆபரேஷன் ஆன மொத மாசங்கள்ல சிலருக்கு எத சாப்டாலும் வாந்தி வரும், "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்"னு வீட்டுல விட்டுடுவாங்க. விடக்கூடாது. தொடர்ந்து வாந்தி இருந்து தயாமின் தீந்துச்சுன்னா கண்ணு ஆடும், ரெண்டு ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு கொழம்பும், வெர்னிக்கின்னு சொல்ற அந்த நெலைமை மூளைய நிரந்தரமாக் கெடுத்துடும். இதுல கொடுமை, மயக்கமா இருக்குன்னு பக்கத்து கிளினிக்குக்குப் போனா மொத வேலையா குளுக்கோஸ் பாட்டில மாட்டுவாங்க. குளுக்கோஸ எரிக்கத் தயாமின் வேணும், இருக்கற கொஞ்சநஞ்சமும் அதுல தீந்து போயி நெலைமை இன்னும் மோசமாகும். மொதல்ல தயாமின் ஊசி, அப்புறந்தான் குளுக்கோஸ். இந்த ஒரு வரிய வீட்டுல இருக்கறவங்களுக்கும் சொல்லி வெய்ங்க.

இதப் பத்திப் பேசும்போது அத்தை "அதுக்குத்தான் மட்டை அரிசிச் சோறு திங்கணுங்கறது"ன்னாங்க. ஒரு வகையில சரிதான், மட்டை அரிசி புழுங்கலரிசிதான், நெல்லப் புழுக்கும்போது தவிட்டுல இருக்கற தயாமின் உள்ள அரிசிக்கு எறங்கிடும், அதனால புழுங்கலரிசியில பச்சரிசிய விட அது நெறைய மிஞ்சும். ஆனா நான் திங்கறதே ரெண்டு கரண்டிச் சோறு, அதுல என்ன தயாமின் வந்து நெறஞ்சுரப் போகுது.

சாப்பாடுன்னு வந்தா புரதந்தான் மொத வாய். தினம் 60 கிராமாவது போகணும், ஒரு முட்டையில 6 கிராம்னா கணக்குப் போட்டுக்கங்க, இந்தச் சின்ன வயித்துக்கு அது லேசுப்பட்ட வேலை இல்ல. எனக்குக் கைகொடுத்தது மத்தி. காலைல பைக்குல கூவிட்டு வர்ற மீன்காரர்கிட்ட வாங்கி, குடம்புளி போட்டு குக்கர்ல நல்லா விட்டுட்டா முள்ளு மெதுமெதுன்னு ஆயிடும், அப்படியே மென்னு தின்னுடலாம், புரதம், பி12, டி, முள்ளோட கால்சியம்னு எல்லாம் ஒரே மீனுல. நெய்மீன் விக்கற வெலைக்கு மத்திய ஏழைங்க மீனுன்னு எளக்காரமாப் பாக்கறவங்களப் பாத்தா சிரிப்புதான் வருது. மீன் திங்காதவங்களுக்குக் கொள்ளு, பச்சப்பயறு, பனீர், கெட்டித்தயிர். கொள்ள மொளை கட்டி வேக வெச்சா, இரும்பையும் ஜிங்க்கையும் கட்டிப் போடற பைட்டேட் கொஞ்சம் கொறையும். சோறு கடைசியா, எடம் இருந்தா. தண்ணி சாப்பாட்டோட கெடையாது, அரை மணி நேரம் தள்ளி.

ஓணத்துக்குப் பாலடைப் பாயசம் கண்ணுக்கு முன்னாடி ஓடும். ரெண்டு ஸ்பூன் தாண்டுனா பத்து இருபது நிமிஷத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து ஊத்தி, பாத்ரூம் பக்கம் ஓட வெச்சுடும், சக்கரை குடல்ல ஒரேடியா எறங்கறதால வர்ற டம்பிங் இது. சிலருக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் சடார்னு எறங்கும். நம்ம சித்தூர்க் கள்ளு ஆசாமிகளுக்கும் ஒரு வார்த்தை, பைபாஸ் வயித்துல சாராயச் சத்து வேகமா ரத்தத்துல ஏறும், முன்னாடி குடிச்ச அளவு இப்ப அளவில்ல, தயாமினையும் அது சேத்துக் காலி பண்ணும்.

முடி கொட்டறதப் பத்திக் கேக்காத பொண்ணுங்க இல்ல. மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள கொட்டறது எடை வேகமா எறங்கற அதிர்ச்சியில, அது தானா நிக்கும். அதுக்கு அப்புறமும் கொட்டுனா இரும்பு, ஜிங்க், புரதம் மூணையும் பாருங்க. ஜிங்க்க மட்டும் தனியா அள்ளிப் போட்டுடாதீங்க, ஜிங்க் கூடுனா காப்பர் எறங்கும், காப்பர் கொறஞ்சாலும் பி12 மாதிரியே நரம்புதான் அடிவாங்கும். கலர் கலரா ஜெல்லி மாதிரி வர்ற வைட்டமின் மிட்டாய் வாங்கறவங்க அட்டையப் படிங்க, பெரும்பாலும் அதுல இரும்பே இருக்காது.

டெஸ்ட்டு மொத வருஷம் மூணு, ஆறு, பன்னெண்டாம் மாசம், அப்புறம் வருஷா வருஷம். ஹீமோகுளோபின், பெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பிடிஎச், ஆல்புமின்ங்கற ரத்தப் புரதம், ஜிங்க், காப்பர். வெல கேட்டா நெஞ்ச அடைக்கும், அதுக்குன்னு தனியா எடுத்து வெச்சுக்கறேன், தீவாளிச் சீட்டு மாதிரி. இங்க எழுதியிருக்கற அளவெல்லாம் பொதுவானது, உங்க ரிப்போர்ட்டப் பாத்து உங்க டாக்டர் மாத்துவாங்க, என் டப்பாவப் பாத்துக் காப்பியடிக்காதீங்க.

கடைசியா ஒரு வேலை. எங்களுக்கெல்லாம் அவசரம்னா பாலக்காட்டுப் பக்கந்தான் தூக்கிட்டுப் போவாங்க, ஃபைலெல்லாம் கோயமுத்தூர்ல கெடக்கும். அதனால ஒரு சீட்டுல இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும் எழுதி லேமினேட் பண்ணி பர்ஸ்ல போட்டிருக்கேன். கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆனவங்க, டைக்ளோஃபினாக் ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், தெச்ச எடத்துல புண்ணாகும். தயாமின் குடுக்காம குளுக்கோஸ் ஏத்தாதீங்க. குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு எடுக்கற சுகர் டெஸ்ட் வேண்டாம். மூக்கு வழியா ட்யூப் போடணும்னா கண்ண மூடிட்டுத் தள்ளாதீங்க, சர்ஜனக் கேளுங்க. கீழ சர்ஜன் நம்பர், வீட்டு நம்பர். மலையாளத்துல எழுதிக் குடுத்தது எதிர்வீட்டு டீச்சர், வேண்டியவங்க கமென்ட்ல கேளுங்க, போட்டோ எடுத்துப் போடறேன், நம்பர மட்டும் மறைச்சுட்டு.